இடம், பெயர், ஆள்: கல்வராயன் மலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

இடத்தின் பெயர் ஆளுக்குப் பெயராவது பற்றி நம் இலக்கணத்துக்குச் சங்கடம் எதுவும் இருந்ததில்லை. தொல்காப்பியப் பெயரியல், மக்களைக் குறிக்கும் பெயர் வகைகளை அடுக்கும்போது நிலப்பெயரைத்தான் முதலில் வைக்கிறது. குடிப்பெயரும் குழுவின் பெயரும் தொழிலால் வரும் பெயரும் அதற்குப் பின்னால்தான். சங்கப் புலவர் வரிசையைப் பாருங்கள்: கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், மாங்குடி மருதனார். பலருக்கு ஊர் தவிர வேறு பெயரே மிஞ்சவில்லை. இதை வைத்துக்கொண்டு, சாதி வருவதற்கு முன்னால் தமிழனுக்கு நிலம்தான் அடையாளமாக இருந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. தமிழ் எம்.ஏ. வகுப்பிலும் ஏறக்குறைய இதுதான் சொல்லித்தரப்படுகிறது. கிழார் என்றால் உரிமையுடையவர் என்று பொருள் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் நிற்காமல் போய்விடுவார்கள். கோவூரில் குடியிருந்த எல்லோரும் கோவூர் கிழார் ஆகிவிட முடியுமா? நிலத்தை உடையவனுக்குத்தான் நிலத்தின் பெயர் கிடைத்திருக்கிறது. அந்த நிலத்தில் உழுதவனுக்கு என்ன பெயர் என்று திணைக்குறிப்பு எழுதியவர்களுக்கு அக்கறை இல்லை.

இன்னொரு வழியிலும் இடம் ஆளுக்குப் பெயராகும். கள்ளக்குறிச்சியில் இருக்கிறவனைக் கள்ளக்குறிச்சியில் யாரும் கள்ளக்குறிச்சிக்காரன் என்று கூப்பிடுவதில்லை. அவனே பிழைக்கப்போய்த் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தால் மறுநாளே ‘கள்ளக்குறிச்சி’ ஆகிவிடுகிறான். கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் புகுந்த ஊரில் பிறந்த ஊரின் பெயரால் கூப்பிடுவது நம் எல்லா வீடுகளிலும் உண்டு. அப்படியானால் ஊர்ப்பெயர் ஊரில் பிறப்பதில்லை. ஊரை விட்டு வந்த தூரத்தில், எதிரே இருக்கிற இன்னொருவர் வாயில் பிறக்கிறது.

ஆக இரண்டு வழிகள். ஒன்று இடத்தை உடைமையாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். இந்த இரண்டிலும் சேராத ஒரு பெயரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அந்தப் பெயர் ‘மலையாளி’. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது. அதை வைத்திருப்பவர்கள் மலையை விட்டுப் போனவர்களும் இல்லை, மலைக்குப் பட்டா வைத்திருந்தவர்களும் இல்லை.

2

ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்து உதவும். குடும்பப் பெயர்களில் இடத்தால் வந்தவற்றைத் தனி வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கியது, எந்தெந்த ஜில்லாவில் பரவியது என்று ஆராய்வது அங்கே ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. 1066-ல் நார்மானியர் வந்த பிறகு நிலப்பிரபுக்கள் தங்கள் எஸ்டேட் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இது நம் கிழார் வழி. சாதாரண ஜனங்கள் ஊர்விட்டு ஊர் போனபோது விட்டுவந்த ஊரின் பெயர் அவர்களுக்கு ஒட்டியது. 14-ஆம் நூற்றாண்டில் தலைவரி வசூலிக்க ஆள்கணக்கு எழுதிய காலத்தை ஒட்டி இந்தப் பெயர்கள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும்படி இறுகிப்போயின. பெயரை உறையவைத்ததில் வரிக்கணக்குக்கும் பங்குண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடப்பெயர்களில் சில மிகவும் அபூர்வமானவை. யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் மர்கட்ராய்டு என்று ஒரு பெயர். புல்வெளி மேட்டுக்குப் போகிற வழியில் காடு திருத்திய இடம் என்று பொருள் சொல்கிறார்கள். ஒரேயொரு பண்ணையின் பெயர் ஒரு குடும்பத்துக்குப் போய், அங்கிருந்து அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. லங்காஷயரில் ஷஃபிள்பாட்டம் என்று இன்னொன்று. ஆடு கழுவும் ஓடையிருந்த பள்ளம் என்பதுதான் அதன் மூலம் என்கிறார்கள். ‘பாட்டம்’ என்ற பழைய சொல்லுக்குப் பள்ளம் என்ற பொருள் மறந்து, பிட்டம் என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டதால் சிரிப்புக்குப் பயந்து அந்தப் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. இன்னும் பல ஊர்கள் கொள்ளைநோயிலும் ஆட்டுக் கிடைக்காக வேலி போட்டு விவசாயிகளை விரட்டியதிலும் அழிந்தேபோயின. ஊர் இல்லை, ஊரின் பெயரை ஆட்கள் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

1890-ல் கப்பி என்பவர் பிரிட்டனின் குடும்பப் பெயர்கள் எந்தெந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் எண்ணியது எல்லோரையும் இல்லை, விவசாயிகளை மட்டும். மண்ணை விட்டு அதிகம் நகராதவர்கள் அவர்கள்தான் என்பது அவர் சொன்ன நியாயம். இன்றைக்கு 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பெயர்களுக்கு வரைபடமே போட்டுவிடுகிறார்கள். ஒரு அபூர்வமான பெயரின் புள்ளிகள் எங்கே அடர்ந்திருக்கின்றனவோ அதுவே அதன் தாய்மண் என்று கொள்வது முறை.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மர்கட்ராய்டு என்ற பெயர்கொண்டவர் லண்டனுக்குப் போனாலும் ஆஸ்திரேலியாவுக்குப் போனாலும் மர்கட்ராய்டுதான். வரைபடத்தில் அவருடைய புள்ளி எங்கே விழுந்தாலும் அவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு தன் பெயரின் ஊரைத் தேடிப்போவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அதே வரைபடம் இங்கே அரசாணையாக இருக்கிறது.

3

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ‘மலை’ என்பது பழைய பட்டப்பெயர். திருக்கோவலூரை ஆண்ட காரிக்கு மலையமான் என்று பெயர். முள்ளூர் மலை அவனுடையது. கபிலர் அவனைப் பாடியிருக்கிறார். மலையமான் நாடு மலாடு ஆகி, பிறகு மிலாடு ஆகி, மெய்ப்பொருள் நாயனார் மிலாட்டு மன்னராகப் பெரியபுராணம்வரைக்கும் வந்துவிட்டார். பெண்ணையாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பெயரில் வைத்திருந்த அரசர்கள் இவர்கள். இந்தக் காரிதான் கொல்லிமலை ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். மலையை வெல்லலாம், கொடுக்கலாம், வாங்கலாம். அதைச் செய்கிறவனுக்கு மலை விருதுப்பெயர்.

அதே மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை இருக்கிறது. கோமுகியும் மணிமுத்தாறும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. அங்கே வாழ்கிறவர்களுக்கும் பெயரில் மலைதான். ‘ஆளி’ என்ற விகுதியைப் பாருங்கள். தொழிலாளி, கூட்டாளி, பகையாளி என்பதில் எல்லாம் உடையவர் என்ற பொருள் இருக்கிறது. அந்தக் கணக்கில் மலையாளி என்றால் மலையை உடையவர், மலையை ஆள்பவர். இலக்கணம் இவ்வளவு தாராளமாகக் கொடுத்ததை வருவாய்த்துறை ஒருநாளும் கொடுத்ததில்லை. மலையின் கள்ளக்குறிச்சிப் பக்கம் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்கள் கையிலும், சேலம் பக்கம் பெரிய கல்வராயன், சின்ன கல்வராயன் என்ற இரண்டு ஜாகீர்களாகவும் இருந்தது. இந்தியா சுதந்திரமடைந்து, ஜமீன்கள் ஒழிந்து, குடியரசு வந்து கால்நூற்றாண்டு ஆன பிறகு 1976-ல்தான் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தன. அதுவரை மலையாளிகள் ஜாகீர்தாருக்கு வரியும் உழைப்பும் கொடுத்த குடிகள். அதன் பிறகு வனத்துறையிடம் ஆக்கிரமிப்பாளர் என்று பெயர் வாங்கினார்கள்.

கேரளத்து மலையாளிக்கும் இவர்களுக்கும் சொல் ஒன்றாயிருப்பதைத் தவிர வேறு உறவில்லை. இவர்களுடைய தாய்மொழி தமிழ். ஆனாலும் காலேஜில் சேரப் போகிற பையன் சாதிச் சான்றிதழை நீட்டினால் “மலையாளியா? கேரளாவில் எந்த ஊரு?” என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இந்த மலைகளிலிருந்து மிளகு பறிக்கவும் தோட்ட வேலைக்கும் கேரளத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே போனதும் அவர்கள் தமிழர்கள் ஆகிவிடுகிறார்கள். மலையாளி நாட்டில் மலையாளிக்கு அந்தப் பெயர் செல்லாது.

சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன் என்று கிழக்குத்தொடர்ச்சி மலையின் துண்டுதுண்டான குன்றுகளில் இந்தப் பெயர் பரவிக்கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7 லட்சத்து 95 ஆயிரம் பேர் என்றால் அதில் ஏறக்குறைய 3 லட்சத்து 58 ஆயிரம் பேர் மலையாளிகள். நூற்றுக்கு 45. ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் நடுவே சமவெளி இருக்கிறது, பஸ் போகிறது, நெல் விளைகிறது. அந்தச் சமவெளியில் நின்று நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு மேலே இருப்பதெல்லாம் ஒரே மலை, மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் மலைக்காரர்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தர்ஸ்டன் தொகுத்த சாதிகள் பற்றிய பெருநூலில் மலைக்காரன் என்பதும் மலையாளிக்கு மாற்றுப் பெயராகப் பதிவாகியிருக்கிறது. கீழேயிருந்து மேலே பார்த்து வைத்த பெயர் இது. உடைமையால் வரும் பெயர், பிரிவால் வரும் பெயர் என்ற இரண்டு வழிக்கும் புறத்தே, பார்வையால் வரும் பெயர் என்று மூன்றாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

4

பெயர் வைக்கப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அவர்கள் தங்களுக்கென்று வேறொரு இடத்தைச் சொல்லிக்கொண்டார்கள். அந்த இடம் காஞ்சிபுரம்.

லெபானு 1883-ல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடு தொடங்கி, பிரான்சிஸ் 1906-ல் எழுதிய தென்னார்க்காடு கெசட்டியர், 1909-ல் வந்த தர்ஸ்டன் என்று எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். காஞ்சியிலிருந்து வந்த வேளாளர்கள் நாங்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். எங்கள் சாமி கரியராமனைத் தூக்கிக்கொண்டு மலையேறினோம். ஒருவர் சேர்வராயனுக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் ஒருவர் கொல்லிமலைக்கும் போனார். கல்வராயனிலும் இதே காஞ்சி, இதே கரியராமன். காராளர் என்ற பெயரும் கவுண்டர் பட்டமும் இந்தக் கதையோடு சேர்ந்தவை. 1901 கணக்கெடுப்பில் பலர் தங்களை வேளாளர் என்றே எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை மேல்நிலையாக்கம் என்று ஒரு வார்த்தையில் மூடிவிடுவது நம் சமூகவியல்காரர்களுக்கு வழக்கம். எனக்கு அது போதவில்லை. மலைக்காரன் என்று அடுத்தவன் வைத்த இடப்பெயருக்கு எதிராக, காஞ்சிக்காரன் என்று தனக்குத்தானே ஒரு இடப்பெயர் வைத்துக்கொள்கிற செயல் இது. நான் இங்கேயே முளைத்தவன் இல்லை, ஒரு ஊரை விட்டு வந்தவன் என்று சொல்வது, வேறொரு ஊருக்காரனுக்கு உள்ள மரியாதையைக் கேட்பது. பெயரின் இரண்டாவது வழியில் நுழையப் பார்க்கிறார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சகோதரர்கள் மலைக்கு வந்தபோது மனைவிகள் கூட வரவில்லை. மலையில் மணந்துகொண்ட பெண்கள் வேறு குலம். தென்னார்க்காடு கெசட்டியர் கல்வராயனில் பதிவுசெய்தது இன்னும் பச்சையானது: மலையில் அப்போது இருந்தவர்கள் வேடர்கள், வந்தவர்கள் வேடர் ஆண்களைக் கொன்று பெண்களைக் கட்டிக்கொண்டார்கள், அந்தச் செத்துப்போன வேடக் கணவனுக்கு அடையாளமாகக் கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடிக்கும் வழக்கம் இருக்கிறது.

இது நடந்ததா என்பதல்ல என் கேள்வி. ஒரு சமூகம் தன் மூலக்கதையில் எதை மறைக்காமல் வைத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். காஞ்சி தகப்பன்வழி. மலை தாய்வழி. கதையைச் சொல்கிற ஆண் தகப்பன் ஊரைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறான், ஆனால் கல்யாண வீட்டில் வெடிக்கிற துப்பாக்கி தாயின் ஊர் எது என்று வருஷாவருஷம் சொல்லிவிடுகிறது. மலையாளி என்ற பெயரில் இருக்கிற மலை அந்தப் பெண்களுடைய மலை என்று வாசிக்க இடமிருக்கிறது. இங்கிலாந்திலும் சரி, நம் இனிஷியலிலும் சரி, பெயர் தகப்பன் வழியாகத்தான் இறங்குகிறது. இடப்பெயர் வரைபடம் போடுகிறவர்கள் எல்லோரும் ஆண்களின் பயணத்தை மட்டும்தான் வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கல்யாணமாகி இடம்மாறிய பெண்களின் ஊர் எந்த வரைபடத்திலும் புள்ளியாக விழவில்லை.

5

இப்போது சட்டத்துக்கு வருவோம். பழங்குடிப் பட்டியலில் தமிழ்நாட்டுக்குரிய பகுதியில் மலையாளி என்ற பதிவுக்குப் பக்கத்திலேயே ஒரு வரம்பு இருக்கிறது. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் மட்டும் என்று. 1976-ல் நாடாளுமன்றம் இந்தப் பட்டியல்களைத் திருத்தியபோது பல சமூகங்களுக்கு இருந்த வட்டார வரம்பை எடுத்துவிட்டது. மலையாளிக்கு எடுக்கவில்லை.

இந்த ஆறு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வட ஆர்க்காடு 1989-ல் பிரிந்தது, பிறகு பெயரையும் இழந்தது. தென்னார்க்காடு 1993-ல் கடலூராகவும் விழுப்புரமாகவும் ஆனது. விழுப்புரத்திலிருந்து 2019-ல் கள்ளக்குறிச்சி வந்தது. கல்வராயன் மலையில் இன்றைக்குப் பிறக்கிற குழந்தை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பிறக்கிறது. அது பழங்குடியாவதற்கு மட்டும் தென்னார்க்காட்டில் பிறந்தாக வேண்டும். இல்லாத ஊரின் பெயரை இங்கிலாந்தில் ஆள் சுமக்கிறான், இங்கே இல்லாத மாவட்டத்தின் பெயரைச் சட்டம் சுமக்கிறது.

கல்வராயனுக்கு இதில் தப்பித்தல் இருக்கிறது, ஏனென்றால் பழைய எல்லைக்குள் அது இருந்தது. பர்கூர் மலைக்கு அது இல்லை. அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் 1976-ல் கோயம்புத்தூர் மாவட்டம். 1979 முதல் ஈரோடு மாவட்டம். அங்கேயும் மலையாளிகள் இருக்கிறார்கள். அதே சாகுபடி, அதே மொழி, கிழக்கே சேலம் மாவட்டத்து மலைகளில் இருப்பவர்களோடு கொள்வினை கொடுப்பினை. ஆனால் பட்டியலில் கோயம்புத்தூர் இல்லை, ஈரோடும் இல்லை. பத்தாண்டுகள் கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்த்தபோதும் மலையாளிக்கு உள்ள மாவட்ட வரம்பு நீங்கவில்லை. பெயர் ஒன்று, ஆள் ஒன்று, நடுவே வெள்ளைக்காரன் கிழித்த ஜில்லாக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் வெறும் கவுண்டர்.

இது சலுகை விவகாரம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனமரத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய முடிந்தது, வாச்சாத்தி மக்கள் தருமபுரி மாவட்டத்து மலையாளிகள் என்பதால். அப்படி ஒன்று பர்கூர் மலையாளிக்கு நேர்ந்தால், அதே பெயரை வைத்துக்கொண்டு அவர் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்ட முடியாது.

இனி அந்தக் காஞ்சிக் கதையைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். 1965-ல் லோகூர் குழு பழங்குடி என்பதற்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னது. அதில் ஒன்று புவியியல் ரீதியாகத் தனித்திருத்தல். பழமையான பண்புகள், தனித்த பண்பாடு, மற்றவர்களோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை ஆகியவை மற்றவை. அரசு ஒரு ஆளிடம், நீ எப்போதும் அந்த இடத்திலேயே இருந்தவனா என்று கேட்கிறது. சாதிச் சமூகம் அதே ஆளிடம், நீ எந்த ஊரிலிருந்து வந்தவன் என்று கேட்கிறது. கோட்டாட்சியர் ஆபீசில் மலையைச் சொல்ல வேண்டும். கீழ்நாட்டுச் சம்சாரி வீட்டுத் திண்ணையில் காஞ்சியைச் சொல்ல வேண்டும். ஒரே வாய் இரண்டு இடத்தில் இரண்டு பிறப்பிடம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்றிதழ் தருவது தாசில்தார் கையிலிருந்து கோட்டாட்சியர் கைக்குப் போய்விட்டது. தாத்தாவின் பழைய பத்திரத்திலோ அப்பாவின் பள்ளிச் சான்றிதழிலோ ‘கவுண்டர்’ என்று மட்டும் இருந்தால் அந்தப் பட்டமே விண்ணப்பத்துக்கு எதிர்சாட்சியாகிவிடுகிறது. மேலே போவதற்குத் தாத்தா போட்டுக்கொண்ட ஏணியைப் பேரன் கீழே நின்று உதைக்க வேண்டியிருக்கிறது.

பெயர் ஒற்றுமையால் வரும் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதில்லை. மகாராஷ்டிரத்தில் தாக்கூர் என்று பழங்குடியும் உண்டு, உயர்சாதியும் உண்டு. அங்கிருந்து போன வழக்கில் 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம், பழக்கவழக்கங்களை வைத்துச் செய்யும் ஒப்புமைச் சோதனையே முடிவான உரைகல் ஆகிவிடாது என்றது. நம் மலைகளில் வேலை செய்யும் தோழர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நாட்டார் வழக்காறு சேகரிக்கிற நண்பர்களிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. மலைக்குப் போய்க் காஞ்சிக் கதையை டேப்பில் பிடித்துவந்து, ‘வேளாளர் வழிவந்த மலையாளிகள்’ என்று தலைப்புப் போட்டு அச்சிடுகிறோம். அது இலக்கியச் சேவை என்று நமக்கு நினைப்பு. ஒரு விசாரணைக்குழுவின் மேசையில் அதே பக்கம் வேறு மாதிரி வாசிக்கப்படும். கதையை அச்சிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழுசாக அச்சிடுங்கள். துப்பாக்கி வெடிக்கிற பாதியையும் சேர்த்து.

6

இடத்தால் வந்த பெயர் இடத்தோடு வேறு பழிகளையும் கொண்டுவரும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். பலர் மலைக்காரர்கள். அதற்குப் பிறகு ஆந்திரப் பக்கம் போகிற பஸ்ஸில் இந்த மலைகளின் முகவரி உள்ள அட்டையோடு ஒருவன் உட்கார்ந்திருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாகிவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தது நகரத்தில். கொன்றது மெத்தனால், அது தொழிற்சாலைச் சரக்கு, வெல்லமும் மரப்பட்டையும் போட்டுக் காய்ச்சுகிற ஊறலில் வருவதல்ல. ஆனாலும் பேச்சு உடனே மலைக்குத் திரும்பியது. கல்வராயன் என்றால் சாராயம் என்று முன்பே எழுதிவைத்திருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஜூலையில் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்தது. ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கேட்கத் தொடங்கியதற்கு நகரத்தில் அத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது.

7

கடைசியாக நம் பெயர்களுக்கு வருகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட முடிவானது. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத காரியம் அது. அதன் நன்மையை நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம். பெயருக்குப் பின்னால் இருந்தது போன பிறகு முன்னால் இருந்த ஊர் நின்றது. ஈ.வெ.ரா.வில் ஈரோடு, கா.ந. அண்ணாதுரையில் காஞ்சிபுரம். சாதியின் இடத்தில் ஊரை வைத்தால் போதும், ஊர் குற்றமற்றது என்று நம்பினோம்.

இந்தக் கட்டுரை கேட்பது இதைத்தான்: அந்த நம்பிக்கை மலையேறுமா? காஞ்சி ஒருவருக்கு இனிஷியல், இன்னொருவருக்கு அது வாய்விட்டுச் சொல்லித் தீராத வேண்டுதல். ஈரோடு ஒருவருக்கு இனிஷியல், இன்னொருவருக்கு அந்த மாவட்டத்தில் பிறந்ததே இழப்பு. ஊரே சாதியாகப் பிரிந்துகிடக்கிற தேசத்தில் ஊர்ப்பெயர் சாதிப்பெயரின் வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். ‘காலனி’ என்ற சொல் முகவரியில் இருந்தாலே போதும், வேறு விசாரணை வேண்டாம். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது அதனால்தான். சொல் போகட்டும், நல்லது. சொல் இருந்த இடத்துக்குப் போகிற ரோடும் வர வேண்டும்.

மலையாளிக்கு நான் மாற்றுப்பெயர் எதுவும் சிபாரிசு செய்யப்போவதில்லை. அதைச் செய்ய நான் யார்? பெயரைக் காப்பாற்றிக்கொள்கிற வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இத்தனை காலம் பார்த்திருக்கிறார்கள். நாம் பேச வேண்டியது பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஆறு மாவட்டங்களைப் பற்றி. அந்த வரம்பு எடுக்கப்பட வேண்டும். 2006-ல் வந்த வனஉரிமைச் சட்டத்தின்படி உழுகிற நிலத்துக்கு உரிமைப்பத்திரம் கொடுக்கப்பட வேண்டும். அன்றைக்குத்தான் ‘ஆளி’ என்ற விகுதிக்கு இலக்கணம் சொன்ன பொருள் வரும். அதுவரைக்கும் அது, மலையின் அடியில் நிற்கிறவர்கள் மேலே பார்த்துக் கூப்பிட்ட சொல், அவ்வளவுதான்.